இரண்டு பொத்தான்களுக்கு நடுவே

அவருடைய சொந்தப் பெயரைக் கடைக்காரர்கள் மறந்து வெகுகாலமாகிவிட்டது. மில்லிகிராம் வருகிறார் என்றுதான் சொல்வார்கள். நகைக்கடை, மருந்துக்கடை, பரிசோதனைக்கூடம் என்று எங்கெல்லாம் தராசு இருக்கிறதோ அங்கெல்லாம், வெல்வெட் பதித்த பெட்டியில் எடைக்கற்களை எடுத்துக்கொண்டு போய், அந்தத் தராசு உண்மை பேசுகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. கற்களை விரலால் தொடமாட்டார். விரல் நுனியில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசையும் ஒரு எடைதானே என்பார். இடுக்கியால்தான் எடுப்பார். தேநீருக்குச் சர்க்கரை போடும்போதுகூடக் கரண்டியின் மேலே குவிந்திருப்பதைக் கத்தியால் வழித்துவிட்டுப் போடுகிற மனிதர்.

அவர் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், மழைக்காலம் முடிந்ததிலிருந்து யாரும் திறக்காத ஒரு தோல் உறை இருந்தது. உள்ளே ஒரு கான்செர்டினா. அவருடைய மனைவியின் தம்பி தன் கையால் செய்தது. அக்காவுக்கென்றே செய்தது. செய்து கொடுத்த சில நாட்களில் அவன் போய்விட்டான். சிறுநீரகங்கள் அவனைக் கைவிட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அவன் போன பிறகு அவள் அதை வாசிக்கவில்லை. துக்கம் கேட்க வந்த ஒருவர், இவ்வளவு நல்ல வேலைப்பாடு சும்மா கிடக்கிறதே, நல்ல விலைக்குப் போகுமே என்றபோது அவள் சொன்ன பதில் மில்லிகிராமின் மனதில் தங்கிவிட்டது.

“போட்டோவுல அவன் மூஞ்சிதான் இருக்கு. அவன் இதுக்குள்ளதான் இருக்கான்.”

அவருக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆகவே அவள் என்றாவது ஒருநாள் அதை எடுத்து வாசிக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசையாகிவிட்டது. வாசித்தால் அவள் கொஞ்சம் தேறிவிடுவாள் என்று நினைத்தார்.

ஆர்மோனியத்தைச் சுருக்கிச் சுருக்கி இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே அடக்கினால் எப்படியிருக்கும், அதுதான் கான்செர்டினா. இரண்டு பக்கமும் ஆறுகோண மரமூடிகள், நடுவே தோலால் ஆன துருத்தி. மூடிகளில் சின்னச் சின்னப் பொத்தான்கள். பொத்தானை அமுக்கினால் உள்ளே ஒரு நெம்புகோல் எழும்பும். நெம்புகோலின் மறுமுனையில் ஒட்டியிருக்கும் தோல் வில்லை ஒரு துளையைத் திறந்துவிடும். துருத்தியிலிருக்கும் காற்று அந்தத் துளை வழியாக ஓட, வழியில் நிற்கும் ஒரு பித்தளை நாக்கு துடிக்கும். அந்தத் துடிப்புதான் சுரம். நாக்கும் அது துடிக்கிற சட்டமும் ஒன்றையொன்று தொடக்கூடாது. ஆனால் நடுவே ஒரு மயிரிழைக்கு மேல் இடைவெளியும் இருக்கக்கூடாது. இடைவெளி கூடினால் காற்று வீணாகும், சுரம் மூச்சிரைக்கும். ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு நாக்குகள், துருத்தியை விரிக்கும்போது பேச ஒன்று, மூடும்போது பேச இன்னொன்று. சட்டங்களை ஆணியடித்தோ பசைபோட்டோ வைப்பதில்லை. பலகையில் வெட்டிய பள்ளத்தில் கட்டைவிரலால் தள்ளினால் இறுகி உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பள்ளத்தை வெட்டுவதில்தான் செய்கிறவனின் கை தெரியும்.

மைத்துனன் மரச்சாமான் பட்டறை வைத்திருந்தான். நாற்காலியும் மேசையும் அவனுக்குச் சோறு போட்டன, கான்செர்டினா அவன் தூக்கத்தைக் கெடுத்தது. முதலில் செய்தது வாத்து மாதிரி கத்தியது. இரண்டாவதை ஒருவர் ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டு போனார். மூன்றாவது இது. மூடிகளில் ஊசி ரம்பத்தால் கொடி கொடியாக அறுத்திருந்தான். உற்றுப் பார்த்தால் ஓர் இலையைப்போல் இன்னோர் இலை இருக்காது. துருத்தியின் தோலை வெங்காயச் சருகு அளவுக்கு மெலிதாகச் சீவியிருந்தான். அக்காவின் கை சிறியது என்பதால் பொத்தான்களை நெருக்கி வைத்தான். அவள் கட்டைவிரல் நுழைகிற தோல் வளையத்தை, அவள் விரலைச் சுற்றி ஈரமாகக் கட்டி, காயும்வரை அவளை நகரவிடாமல் உட்காரவைத்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊரார் மூக்குக்கெல்லாம் சட்டம் பொருத்துகிறவள் அவள். தன் விரலுக்கு ஒருவன் சட்டம் பொருத்துகிறானே என்று அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மில்லிகிராமுக்குப் பாட்டுக் காது கிடையாது. ஆனால் பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதில் தீராத ஆசை உண்டு. பட்டறைக்குப் போனால் ஒரு மூலையில் முக்காலியைப் போட்டுக்கொண்டு கேள்வியாய்க் கேட்பார். பெட்டியின் ஒரு மூடியைப் பிடித்துக்கொண்டு மறுமூடியைத் தொங்கவிட்டு, துருத்தி தானாக விரிகிறதா என்று பார்ப்பது அவருக்குப் பிடித்த சோதனை. காற்றுக் கசிகிற பெட்டியென்றால் மூடி விறுவிறுவென்று கீழே இறங்கிவிடும். இது ஒரு பெருமூச்சைப்போல் மெல்ல மெல்ல இறங்கியது. அவர் கைக்கடிகாரத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துத் தலையாட்டியபோது மைத்துனன், “பாஸாயிட்டேனா அத்தான், இல்ல சீல் வெச்சு மூடிடுவீங்களா?” என்று கேட்டான்.

பொத்தான்களை எண்ணியபோதுதான் அவருக்கு அந்தச் சந்தேகம் வந்தது. பியானோவில் இரண்டு வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே ஒரே ஒரு கறுப்புக் கட்டை இருக்கும் சில இடங்களில், இந்தப் பெட்டியில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒரே சுரத்துக்கு எதற்கு இரண்டு என்று கேட்டார்.

“ஸ்டெப்னி அத்தான். ஒண்ணு பஞ்சரானா இன்னொண்ணு இருக்கட்டுமேன்னு.”

மைத்துனன் சிரிக்காமல் சொல்வான். அதுதான் அவனிடம் இருந்த வம்பு. உபரி பாகம் வைப்பது நல்ல பழக்கம்தான் மாப்ளே என்று மில்லிகிராம் பாராட்டினார். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை அவர் கவனிக்கவில்லை. பிறகு அவன் உடம்பு மோசமாகிக்கொண்டே போனது. அந்த வேடிக்கையை உடைத்துச் சொல்ல யாருக்கும் நினைப்பு வரவில்லை. கடைசி வாரங்களில் அவள் கடை மூடியதும் நேராகப் பட்டறைக்குப் போய்விடுவாள். அங்கே பின்னறையில் அவனுக்கு ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். தம்பிக்குத் துணையாக இருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அவன் போன பிறகு, வெயில் ஏறத் தொடங்கிய ஒரு பிற்பகலில், அவள் தானாகவே உறையை எடுத்தாள். பக்கத்து அறையில் எடைக்கற்களை மான்தோலால் துடைத்துக்கொண்டிருந்த மில்லிகிராம் கையை நிறுத்திவிட்டார். தம்பி வேலை செய்யும்போது சீட்டியடிக்கிற மெட்டு ஒன்று உண்டு, மெதுவானது, தொட்டில் ஆட்டுகிற மாதிரி போய்ப் போய்த் திரும்பும். அதைத்தான் வாசித்தாள். முதலில் விரல் தடுக்கியது, பிறகு சரளமாயிற்று. பாதியில் மூன்று சுரங்கள் சேர்ந்து நிற்கும் ஓர் இடம் வந்தது. அங்கே பெட்டியின் மூச்சு முடியும்வரை பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டாள். அவர் எட்டிப் பார்த்தபோது பெட்டி உறைக்குள் போய்க்கொண்டிருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டார்.

“ஒண்ணுமில்லங்க. அந்த இடம் வந்ததும்…” என்றவள் முடிக்காமல் துணி துவைக்கப் போய்விட்டாள்.

அந்த இடத்தில் ஏதோ கோளாறு என்று அவர் எடுத்துக்கொண்டார். கோளாறு தேடுவதே பிழைப்பாக இருக்கிற மனிதருக்கு வேறெப்படித் தோன்றும்?

சில நாட்களில் அவளுடைய பெரியக்கா படியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுக்கொள்ள, பார்த்துக்கொள்ள அவள் கிளம்பிப் போனாள். வீட்டில் அவர் தனியாக இருந்தார். முதல் நாள் மாலையே பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். கைப்பேசியில் சுரம் அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டார். சுரம் சரியாக இருந்தால் முள் நடுவில் நிற்கும், குறைந்தால் இடப்பக்கம் சாயும், கூடினால் வலப்பக்கம். தராசு முள்ளைப் போலவேதான். ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்தார். பெரும்பாலானவை நடுவிலிருந்து கொஞ்சம் இப்படியும் அப்படியுமாக நின்றன. கையால் செய்த பொருளில் அது சகஜம் என்று மன்னித்துவிட்டார். இரட்டைப் பொத்தான்களுக்கு வந்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜோடியில் ஒன்று நன்றாக இடப்பக்கம் சாய்ந்தது. இன்னொன்று நன்றாக வலப்பக்கம். அடுத்த ஜோடியும் அப்படியே. இருந்த ஜோடிகள் எல்லாமே அப்படியே.

அவர் மனதில் ஓடியது இதுதான். ஒரே முத்திரை குத்திய இரண்டு கற்கள், ஒன்று எடை குறைந்து, ஒன்று கூடி. அவனுக்கு உடம்பு முடியாமல் போன காலத்தில் செய்தவை. கை நடுங்கியிருக்கும். அரம் ஒரு தடவை அதிகமாக ஓடியிருக்கும், அடுத்த தடவை பயந்துபோய்க் குறைவாக ஓட்டியிருப்பான். அக்காவிடம் சொல்ல வெட்கப்பட்டு அப்படியே மூடியிருப்பான். அதை நினைத்ததும் மில்லிகிராமின் கண் கலங்கிவிட்டது. நீ விட்டதை நான் முடித்துவைக்கிறேன் மாப்ளே என்று, ஆளில்லாத வீட்டில் வாய்விட்டே சொன்னார்.

தராசுக்காரர்களிடம் ஒரு விதி உண்டு. எந்தத் தராசையும் திருத்துவதற்கு முன்னால், அது இருந்த நிலையில் என்ன காட்டியது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பொய் சொல்கிற தராசாகவே இருக்கட்டும், எவ்வளவு பொய் சொன்னது என்பதும் ஒரு தகவல். திருத்திவிட்டால் அந்தத் தகவல் போயேபோய்விடும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவர் முதலில் சொல்வது அதைத்தான். அன்று அவர் குறிக்கவில்லை. இது என்ன கடைத் தராசா, வீட்டுச் சாமான்தானே என்று விட்டுவிட்டார்.

பித்தளை நாக்கைச் சுருதி சேர்ப்பது கேட்பதற்குச் சுலபம். நாக்கின் நுனியில் கொஞ்சம் இழைத்தால் நுனி லேசாகிறது, லேசானது வேகமாகத் துடிக்கிறது, சுரம் ஏறுகிறது. அடிப்பக்கம் இழைத்தால் நாக்கு தொய்கிறது, மெதுவாகத் துடிக்கிறது, சுரம் இறங்குகிறது. ஆனால் மேசைமேல் ஒரு மாதிரிப் பேசும் நாக்கு பெட்டிக்குள் போனதும் இன்னொரு மாதிரிப் பேசும். அதனால் திருகுகளைக் கழற்றி, மூடியைத் திறந்து, சட்டத்தை உருவி, இரண்டு இழுப்பு இழைத்து, திரும்பவும் எல்லாவற்றையும் மாட்டி, முள்ளைப் பார்த்து, திரும்பவும் கழற்ற வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஒத்துவராத வேலை. மில்லிகிராமுக்கோ அது திருவிழாவாக இருந்தது. நாக்குகளுக்கு அடியில் வெள்ளைக் காகிதம் விரித்துக்கொண்டார். அதன்மேல் பித்தளைப் பொடி மஞ்சள் தூசியாக உதிர்ந்தது. பல மாலைகள் ஓடின. மைத்துனன் எதிரே உட்கார்ந்து கிண்டல் செய்துகொண்டிருப்பதுபோல் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. கடைசியில் எந்த ஜோடியை அமுக்கினாலும் இரண்டு பொத்தான்களுக்கும் முள் நட்ட நடுவில் நின்றது. மைத்துனனே செய்திருந்தால்கூட அவ்வளவு துல்லியமாகச் செய்திருக்க முடியாது என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

அவள் திரும்பி வந்தபோது களைத்துப்போயிருந்தாள். ஒரு நாள் பொறுத்திருந்து, விடுமுறைக் காலையில் பெட்டியை அவள்முன் வைத்தார். ஒருதரம் வாசியேன் என்றார். அவர் முகத்தில் இருந்த ஆவலைப் பார்த்து அவள் மறுக்கவில்லை. கட்டைவிரல்களை வளையங்களில் நுழைத்தாள். தம்பியின் மெட்டை எடுத்தாள்.

அந்த இடம் வந்தது. மூன்று சுரங்களும் சேர்ந்தன. அவள் புருவம் சுருங்கியது. பொத்தானை விட்டுவிட்டுத் திரும்ப அமுக்கினாள். பிறகு பக்கத்திலிருந்த அதன் ஜோடியை அமுக்கினாள். மாற்றி மாற்றி அமுக்கினாள், இருட்டில் சுவரைத் தடவி விளக்குப் பொத்தானைத் தேடுகிறவள்போல.

“ரெண்டும் ஒண்ணாயிருக்கு” என்றாள்.

அவர் காத்திருந்த வார்த்தை அதுதான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஆதியோடந்தமாகச் சொன்னார். முள் எப்படிச் சாய்ந்தது, எந்தப் பக்கம் இழைத்தார், எத்தனை முறை கழற்றி மாட்டினார், எல்லாம்.  அவர் முடித்ததும் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அந்தப் பொடி எங்க?”

“எந்தப் பொடி?”

“இழைச்சீங்கல்ல. அந்தப் பித்தளப் பொடி.”

“பேப்பரோட கசக்கிக் குப்பையில போட்டுட்டேன்” என்றார். சொல்லும்போதே எங்கோ ஏதோ தப்பாகப் போயிருக்கிறது என்று அவருக்கு உறைத்துவிட்டது. அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அதன் இலைக்கொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவருக்கு இருந்தது.

பிறகு அவள் விளக்கினாள். கடையில் கண் சரியாகத் தெரியாதவர்களிடம் பேசுகிற அதே நிதானத்தோடு. இரண்டு சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கொஞ்சம் விலகி நின்றால் நடுவே ஒரு அலை அடிக்கும், அதைக் கேளுங்கள் என்று சொல்லி, அந்த மூன்று சுரங்களையும் அமுக்கிப் பிடித்தாள். முதலில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் கையை எடுத்துப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்தாள். அப்போது உள்ளங்கையில் தட்டுப்பட்டது. இரண்டு பழைய மின்விசிறிகள் ஒரே அறையில் ஓடும்போது ஊம்-ஊம் என்று ஏறி இறங்குமே, அந்தத் துடிப்பு. கையில் தட்டுப்பட்டது, பிறகு காதிலும் கேட்டது.

முன்பு அந்த இடத்தில் இவ்வளவு அலை இல்லை என்றாள். அந்த ஜோடியில் தாழ்வாக நின்றது ஒரு கூட்டத்துச் சுரங்களோடு சேர்ந்தால், இஸ்திரி போட்ட துணிபோல் மடிப்பில்லாமல் விழும். உயர்வாக நின்றது வேறொரு கூட்டத்தோடு சேர்ந்தால் அதே மாதிரி விழும். பியானோவில் ஒரே கட்டைதான் இருப்பதால் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே ஒரு சமரசம் செய்து, இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் அலையை வைத்துவிடுகிறார்கள். அந்தச் சமரசம் வேண்டாமென்றுதான் அவன் இரண்டு பொத்தான் வைத்தான். அவர் ஜோடிகளையெல்லாம் அந்த நடுவிடத்துக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

“அன்னிக்கு நீ பாதியில நிறுத்துனியே. அந்த இடத்துல கோளாறுன்னு…”

“கோளாறு இல்லங்க. ரொம்ப நல்லா இருந்துச்சு. அதான் தாங்க முடியல.”

மில்லிகிராம் தரையைப் பார்த்தார். “அவனுக்குக் கை நடுங்கிச்சுன்னு நெனச்சேன்” என்றார்.

“நடுங்கத்தான் செஞ்சுச்சு. அதனாலதான் அரம் என் கையில இருந்துச்சு.”

கடைசி வாரங்களில் பட்டறைப் பின்னறையில் நடந்ததை அவள் அப்போதுதான் சொன்னாள். அவன் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருப்பான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து இழைப்பாள். மாட்டி வாசித்துக் காட்டுவாள். இன்னும் ஒரு இழை என்பான். கழற்றுவாள், இழைப்பாள், மாட்டுவாள். அலை நின்று சுத்தமாக விழுந்ததும் அவள் போதுமா என்று கேட்டால் போதாது என்பான். ஒரேயடியாகச் சுத்தமாக இருந்தால் செத்துப்போன மாதிரி இருக்குக்கா, துளி மூச்சு விடட்டும் என்பான். அந்தத் துளி எவ்வளவு என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். அந்த அளவு வந்ததும் கண்ணைத் திறப்பான். போதும் என்று வாயால் சொல்லக்கூட மாட்டான். அவள் அரத்தைக் கீழே வைத்துவிடுவாள்.

“என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல” என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்ன கடுமையான சொல்.

அவர் சரிசெய்துவிடலாம் என்றார். இறக்கியதை ஏற்றலாம், ஏற்றியதை இறக்கலாம், நாக்கில் இன்னும் உலோகம் இருக்கிறது, நீ சொன்னால் நான் இழைக்கிறேன் என்று மன்றாடினார். முள் எங்கே நின்றது என்று குறித்திருந்தால் யாரையும் கேட்க வேண்டியிருந்திருக்காது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் அது அவரைக் குடைந்துகொண்டே இருந்தது. அவள் யோசித்துவிட்டு, ஒன்றே ஒன்றைப் பார்க்கலாம் என்றாள். தம்பியின் மெட்டில் வருகிற அந்தப் பொத்தானை மட்டும்.

அடுத்த விடுமுறை நாளில் மேசையில் திரும்பவும் வெள்ளைக் காகிதம் விரிந்தது. இம்முறை அவர் கைப்பேசியை எடுக்கவில்லை. நாக்கின் அடியில் இழைத்தார், மாட்டினார், அவள் வாசித்தாள். இன்னும் இறங்கணும் என்றாள். திரும்ப இழைத்தார். அலை மெதுவாயிற்று. ஒவ்வொரு தடவையும் இன்னும் மெதுவாயிற்று. பிற்பகலில் ஒரு கட்டத்தில் அது நின்றேவிட்டது. மூன்று சுரங்களும் ஒன்றாகப் படிந்து, பெட்டி இருக்கிறதா இல்லையா என்பதுபோல் அறை முழுக்க நிறைந்தது. மில்லிகிராமுக்கே கேட்டது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

“இது சுத்தம். ஆனா அவன் வெச்ச இடம் இது இல்ல” என்றாள்.

அவன் வைத்தது இதற்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். எந்த அளவு? அவர் நுனியில் பட்டும் படாமலும் ஒரு தடவை தடவினார். அவள் வாசித்தாள். இதுவாக இருக்கலாம் என்றாள். பிறகு இல்லை என்றாள். இன்னொரு தடவை தடவினார். இதுவும் இருக்கலாம் என்றாள். அதற்கு முந்தையதோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியாது, முந்தையது காகிதத்தில் பொடியாகக் கிடந்தது. கடைக்கு வருகிறவர்களிடம் இந்தக் கண்ணாடியா அந்தக் கண்ணாடியா, எதில் நன்றாகத் தெரிகிறது என்று நாள்முழுக்கக் கேட்கிறவள் அவள். சிலர் ரொம்ப நேரம் பார்த்துப் பார்த்து, கடைசியில் எதுவுமே தெரியவில்லை என்று சொல்லிவிடுவார்கள் என்று முன்பு வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறாள். இப்போது அவள் முகம் அப்படித்தான் இருந்தது.

அவர் அரத்தை மறுபடி எடுத்தபோது அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாங்க. விட்டுடுங்க.”

“இன்னும் ஒரே தடவ. கிட்ட வந்துட்டோம்.”

“வர வர எனக்குப் பழசு மறந்துபோகுது. ஒவ்வொரு தடவ புதுசா கேக்கும்போதும் அவன் வெச்சது கொஞ்சம் அழிஞ்சு போகுது. பெட்டியிலதான் போச்சு. எனக்குள்ளயாவது மிச்சமிருக்கறத விட்டு வைங்க.”

அவர் அரத்தைக் கீழே வைத்தார். காகிதத்திலிருந்த பொடியை அவள் கூட்டி எடுத்து, கண்ணாடி துடைக்கும் துணி வைத்துக் கொடுக்கிற சின்னப் பையொன்றில் போட்டு, வாயை முடிந்தாள். அது முழுக்க இன்று இழைத்தது, வீணாகப் போனது என்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். முதலில் இழைத்த பொடி எந்தக் குப்பைமேட்டில் கிடக்கிறதோ. அவர் சட்டத்தைப் பள்ளத்தில் தள்ளி, மூடியைப் பொருத்தி, ஆறு திருகுகளையும் முடுக்கினார். முன்பு எவ்வளவு இறுக்கமாக இருந்ததோ அதே அளவுக்கு முடுக்க வேண்டும் என்று நினைத்தார். அதுவும் நினைவில்லை.

அதற்குப் பிறகு அவளே எப்போதாவது பெட்டியை எடுப்பாள். அவர் கேட்பதில்லை. அவருக்கு இப்போது காது திறந்துவிட்டிருந்தது. அதுதான் அவருக்குக் கிடைத்த தண்டனை. முன்பெல்லாம் பாட்டு என்றால் ஏறுவதும் இறங்குவதும் மட்டும்தான் அவருக்குக் கேட்கும். இப்போது எந்தச் சுரத்தோடு எது சேர்ந்தாலும் அலை அடிக்கிறதா, எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்று காது தானாகவே தேடியது. பரிசோதனைக்கூடத்துக் குளிர்பெட்டிகள் இரண்டும் சேர்ந்து முனகுவது கேட்டது. கோயில் மணி ஒன்று ஓய்ந்த பிறகும் அதற்குள்ளேயே இரண்டு குரல்கள் ஒட்டாமல் நெளிவது கேட்டது. மைத்துனன் உயிரோடிருந்த காலத்தில் இந்தக் காது இருந்திருந்தால், அந்த ஜோடிகளை ஒருதரம் கேட்டிருந்தாலே போதும். அவற்றைத் தொட்டிருக்கமாட்டார்.

ஒருநாள் மாலை அவர் அடுக்களையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். முன்னறையில் அவள் தம்பியின் மெட்டை வாசிக்க ஆரம்பித்தாள். அந்த இடம் நெருங்க நெருங்க அவர் தட்டைத் தேய்ப்பது மெதுவாயிற்று. இடம் வந்தது. இரண்டு சுரங்கள்தான் ஒலித்தன. மூன்றாவது பொத்தானை அவள் அமுக்கவில்லை. அதற்குப் பதிலாக வாயை மூடியபடி அந்தச் சுரத்தைத் தன் தொண்டையால் முனகினாள். பயிற்சியில்லாத குரல், கொஞ்சம் உடைந்தது, கொஞ்சம் தடுமாறியது, பிறகு ஓரிடத்தில் போய் நின்றது. சுத்தமான இடமா, அதற்குத் துளி இந்தப் பக்கமா, அவரால் சொல்ல முடியவில்லை. அவன் கண்ணைத் திறந்திருப்பானா என்று அவளாலும் சொல்ல முடியாது.

மெட்டு போய்த் திரும்பி வந்தது. அவர் குழாயை மூடிவிட்டு நின்றார். இரண்டாம் முறை அந்த இடம் வந்தபோது அவள் முனகவில்லை. இரண்டு சுரங்கள் மட்டும் தம் பாட்டுக்கு நின்று, மூச்சு முடிந்து, அடுத்ததற்கு நகர்ந்தன. அவர் கையிலிருந்த தட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.